செஞ்சாயம் தேடிய மருத்துவர்

சென்னைக்கு மேற்கிலும் வடக்கிலும் உள்ள திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி ஆகிய ஊர்களைச் சூழ்ந்து இன்று தொழிற்சாலைகள் பல எழுந்துள்ளன. ஆலையின் சுற்றுச்சுவருக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே கிடக்கும் வறண்ட மண்ணில் வேறு செடிகள் தழைப்பது அரிது. அத்தகைய இடங்களிலும் சப்பாத்திக்கள்ளி முள்ளை நீட்டிக்கொண்டு செழித்து நிற்கும். நாகதாளி என்றும் அதனைக் கூறுவர். அக்கள்ளியின் தட்டைத் தண்டுகளில் சிற்சில வேளைகளில் வெண்பஞ்சுத் துணுக்குகள் போன்றவை ஒட்டியிருக்கும். காண்பவர் அவற்றைப் பூஞ்சணம் என்றே எண்ணுவர். ஒரு குச்சியால் அத்துணுக்கை நசுக்கிப் பார்த்தால் குச்சியின் நுனி குருதியில் தோய்த்தாற்போலச் சிவந்துவிடும். வெண்மைக்குள் இச்செம்மை எங்ஙனம் வந்தது? இவ்வினாவினுள் ஒரு சிறு பூச்சியின் கதையும், அப்பூச்சியைத் தேடித் தம் வாழ்நாளின் நற்பகுதியைச் செலவிட்ட ஒரு மருத்துவரின் கதையும் அடங்கியுள்ளன. அம்மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர். சென்னை நுங்கம்பாக்கத்தில் ஆண்டர்சன் சாலை என வழங்கும் சாலை அவர் பெயரையே தாங்கியுள்ளது.

முதலில் பூச்சியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். இதற்குக் கொச்சினீல் என்று பெயர். இதன் பெண்ணுக்குச் சிறகு இல்லை. இளமையில் சிறிது தொலைவு ஊர்ந்து திரிந்து, தனக்கு ஏற்ற இடத்தைக் கண்டதும் ஊசி போன்ற தன் வாயைக் கள்ளித் தண்டினுள் இறக்கிவிடும். அதன்பின் அங்கிருந்து அகலாது. உண்பதும் வளர்வதும் குஞ்சு பொரிப்பதும் மடிவதும் ஆகிய யாவும் அவ்வோரிடத்திலேயே நிகழும். ஓடவோ பறக்கவோ இயலாத அவ்வுயிர் பகைவரிடமிருந்து எவ்வாறு தப்பும்? அது மெழுகுப் பஞ்சால் தன் உடலைப் போர்த்துக்கொள்கிறது. வெயிலின் கொடுமையையும் அப்போர்வை தடுக்கிறது. போர்வையைக் கடந்து வரும் பகைவரை எதிர்க்க இரண்டாவது அரண் ஒன்றும் உண்டு. அதுவே அச்செந்நிறம். உடலினுள் ஊறும் அச்செம்பொருளுக்குக் கார்மினிக அமிலம் என்பது பெயர். உலர்ந்த பூச்சியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதுவே ஆகும். எறும்புகள் அதனை வெறுத்து ஒதுங்குகின்றன என்பதை 1980ஆம் ஆண்டில் தாமஸ் ஐஸ்னர் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் துணைவரும் ஆய்ந்து வெளியிட்டனர்.

ஆயினும், உலகில் எவ்வரணும் முற்றிலும் கடக்க இயலாததன்று. அமெரிக்காவில் ஒருவகை அந்துப்பூச்சியின் புழு இக்கொச்சினீலைத் தயங்காது தின்கிறது. தின்பதோடு நில்லாது, எறும்பு தன்னைத் தாக்க வரும்போது, தான் விழுங்கிய அச்செஞ்சாற்றையே எறும்பின்மீது உமிழ்ந்து தப்புகிறது. ஒருவன் படைக்கலத்தைக் கவர்ந்து அதனையே தன் படைக்கலமாக்கிக்கொள்வது மனிதர்க்கு மட்டும் உரிய சூழ்ச்சியன்று போலும்.

கொச்சினீலின் ஆண் வேறுவகையினது. அதற்குச் சிறகு உண்டு. ஆனால் உண்ண வாய் இல்லை. சில நாள் வாழ்ந்து இணைசேர்ந்தபின் அது இறந்துவிடும். குஞ்சுகளோ பிறந்தவுடன் கள்ளியின் விளிம்பிற்கு ஏறிச் செல்லும். அவற்றின் உடலில் நீண்ட மெழுகு இழைகள் வளர்ந்திருக்கும். காற்று அவ்விழைகளைப் பற்றித் தூக்கிச் சென்று வேறொரு கள்ளியின்மேல் சேர்க்கும். கள்ளியின் மேல் விழாத குஞ்சுகளுக்கு வாழ்வில்லை.

இப்பூச்சியை உலர்த்திப் பொடித்தால் உயர்ந்த செஞ்சாயம் கிடைக்கும். ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். மெக்சிகோ நாட்டுப் பழங்குடி மக்கள் பன்னூறு ஆண்டுகளாக இதனைக் கள்ளித் தோட்டங்களில் வளர்த்து வந்தனர். அந்நாட்டை ஸ்பானியர் கைப்பற்றியபின், வெள்ளிக்கு அடுத்தபடியாக அங்கிருந்து ஐரோப்பாவிற்குச் சென்ற விலையுயர்ந்த சரக்கு இதுவேயாயிற்று. அரசர்தம் ஆடைகளும் ஆங்கிலப் படைத்தலைவர்களின் செஞ்சட்டைகளும் இச்சாயத்தாலேயே ஒளி பெற்றன. உலர்ந்த பூச்சியை விற்ற ஸ்பானியர், உயிருள்ள பூச்சியை மட்டும் நாட்டைவிட்டு வெளியேற விடாமல் காத்தனர். 1777ஆம் ஆண்டில் தியரி தெ மெனோன்வில் என்னும் பிரெஞ்சுக்காரர் மறைவாக மெக்சிகோவின் ஒவாஹாகா வட்டாரத்திற்குச் சென்று, பூச்சிகளைக் கள்ளித் தண்டுகளோடு கவர்ந்து வந்தார். அத்துணைக் காவல் அதற்கு இருந்தது.

நம் நாட்டிலும் சிவப்புச் சாயம் இல்லாமல் இல்லை. அரக்குப் பூச்சியினின்று எடுத்த சாயத்தை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சோழமண்டலக் கடற்கரையின் மணற்பாங்கில் விளையும் சாயவேரைக்கொண்டு துணிக்குச் செம்மை ஏற்றினர். திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டிலிருந்து சாயமிட்ட துணிகள் கடல் கடந்து சென்றன. எனினும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கண் ஸ்பானியரின் செல்வத்தின்மீதே இருந்தது. அவ்வாசைக்கு உரமிட்டவர் ஆண்டர்சன்.

ஆண்டர்சன் 1738ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டில், எடின்பரோ நகருக்கு அருகில் பிறந்தவர். அவர் தந்தையாரும் மருத்துவரே. எடின்பரோவில் மருத்துவம் பயின்று, கம்பெனியின் கப்பல்களில் மருத்துவராகச் சில காலம் கடலில் கழித்தபின், 1760களில் சென்னைக்கு வந்து சேர்ந்தார். துணை மருத்துவராகத் தொடங்கிய அவர் படிப்படியாக உயர்ந்து, சென்னை மாகாணத்தின் மருத்துவத் துறைக்கே தலைவரானார். அன்று நம் நாட்டிற்கு வந்த கம்பெனி ஊழியர் பலர் விரைவிற் பொருள் சேர்த்துத் தாய்நாடு திரும்புவதையே குறிக்கோளாகக் கொண்டிருந்தனர். ஆண்டர்சனோ திரும்பவேயில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்னையிலேயே வாழ்ந்து இங்கேயே மறைந்தார்.

நுங்கம்பாக்கத்தில் கம்பெனியிடமிருந்து நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைப் பெற்று அவர் ஒரு பெருந்தோட்டம் அமைத்தார். இன்று அங்கே தோட்டத்தின் சுவடும் இல்லை. வீடுகளும் அலுவலகங்களும் நெருங்கியுள்ளன. அன்று பல நாட்டுச் செடிகளும் மரங்களும் அங்கு வளர்ந்தன. நோயாளிகளைக் கண்ட நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் அவர் அத்தோட்டத்திலேயே இருந்தார். கடிதம் எழுதுவதில் அவருக்கு இணையானவர் அக்காலச் சென்னையில் இலர் எனலாம். ஒரு விதையோ ஒரு பூச்சியோ கிடைத்துவிட்டால், அதனைப் பற்றி லண்டனுக்கும் கல்கத்தாவிற்கும் கடிதங்கள் பறக்கும். பின்னர் அக்கடிதங்களைத் தொகுத்துச் சென்னையிலேயே அச்சிட்டும் விடுவார். அவருடைய வெற்றிகளையும், அவற்றைவிட மிகுதியான தோல்விகளையும் நாம் இன்று அறிய முடிவது அப்பழக்கத்தாலேயே ஆகும்.

1786ஆம் ஆண்டில் அவர் சென்னையில் ஒருவகைப் புல்லின்மேல் சில பூச்சிகளைக் கண்டார். அவற்றை நசுக்கியபோது செந்நிறம் தோன்றியது. மெக்சிகோவின் செல்வம் சென்னையின் புல்வெளியிலேயே கிடக்கிறது என்று அவர் உள்ளம் துள்ளியது. லண்டனில் அறிவியற் கழகத்தின் தலைவராக விளங்கிய சர் ஜோசப் பாங்க்ஸ் என்னும் பேரறிஞருக்கு உடனே எழுதினார், மேன்மேலும் எழுதினார். அக்கடிதங்கள் 1788ஆம் ஆண்டில் நூலாகவும் வெளிவந்தன. பூச்சிகளை ஆராய்ந்தவர்களோ, அவை கொச்சினீல் அல்ல என்று முடிவு கூறினர். செந்நிறமுள்ள பூச்சி யாவும் கொச்சினீல் ஆகா. மழை பெய்ததும் நம் வயல்களில் வெல்வெட்டுப் போல் ஊர்ந்து வரும் சிவந்த உயிரை நாம் பட்டுப்பூச்சி என்றும் தம்பலப்பூச்சி என்றும் கூறுகிறோம். அது பூச்சியினமே அன்று, எட்டுக் கால்களையுடைய உண்ணியினத்தைச் சேர்ந்தது. இத்தகைய வேறுபாடுகளைத் துல்லியமாக அறியும் கல்வி அக்காலத்தில் இளமைப் பருவத்திலேயே இருந்தது. எனவே ஆண்டர்சன் ஏமாந்ததில் வியப்பில்லை. ஏமாந்தபின் அவர் செய்தவையே வியப்பிற்குரியன.

பூச்சி இல்லையேல் வரவழைப்போம். அது வரும்வரை அதற்குரிய உணவை வளர்த்து வைப்போம் என்பது அவர் துணிபு. மெக்சிகோவில் கொச்சினீல் வளரும் கள்ளிக்கு நோப்பல் என்பது பெயர். லண்டனுக்கு அருகிலுள்ள க்யூ தோட்டத்திலிருந்து நோப்பல் செடிகள் கப்பலில் வந்தன. கம்பெனியின் ஆதரவில் சைதாப்பேட்டையில் நோப்பல் தோட்டம் ஒன்று உருவாயிற்று. ஆங்கிலேயர் அப்பகுதியை மார்மலாங் என்று வழங்கினர். அத்தோட்டத்தின் பொறுப்பு ஆண்டர்சனின் மருமகன் முறையினரான ஆண்ட்ரூ பெர்ரி என்னும் மருத்துவரிடம் விடப்பட்டது. செடிகள் பல்கிப் பெருகின. ஒரு தண்டை ஒடித்து மண்ணில் எறிந்தால் அது வேர் விட்டுத் தனிச் செடியாகும் இயல்புடையது கள்ளி. இலைகளையெல்லாம் முட்களாக்கிக்கொண்டு, தண்டையே இலையாகப் பயன்படுத்தி, பகலில் தன் நுண்துளைகளை மூடிக்கொண்டு இரவில் மட்டும் திறந்து மூச்சுவிடும் அச்செடிக்குச் சென்னையின் கோடை ஒரு பொருட்டன்று. தோட்டம் செழித்தது. உண்ண வேண்டிய பூச்சிதான் வரவில்லை. விருந்து சமைத்து, இலை போட்டு, விருந்தினரை எதிர்நோக்கி ஆண்டுக்கணக்காய் வாயிலில் நின்ற ஒருவரை எண்ணிப் பாருங்கள்!

அவர் வாளா காத்திருந்தாரல்லர். சென்னைப் பகுதிச் செடிகளில் வெண்மெழுகுக் கூட்டினுள் வாழும் மற்றொரு பூச்சியைக் கண்டார். கொச்சினீல் பஞ்சைப் போர்த்துக்கொள்வதுபோல இப்பூச்சி தடித்த மெழுகுக் கவசத்தை அணிந்துகொள்ளும். ஆண்டர்சன் அம்மெழுகைத் திரட்டி, வெள்ளை அரக்கு எனப் பெயரிட்டு லண்டனுக்கு அனுப்பினார். ஜார்ஜ் பியர்சன் என்னும் மருத்துவர் அதனைப் பகுத்தாராய்ந்து எழுதிய கட்டுரை 1794ஆம் ஆண்டில் லண்டன் அறிவியற் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. சீன நாட்டில் பூச்சியினின்று எடுக்கும் மெழுகோடு அது ஒப்பிடப்பட்டது. வங்காளத்திலிருந்து பட்டுப்புழுக்களை வரவழைத்து, முசுக்கட்டைச் செடிகளைப் பரப்பும் முயற்சியிலும் ஆண்டர்சன் ஈடுபட்டார். அது சில ஆண்டுகளே நடந்து ஓய்ந்தது.

பூச்சி வராத கள்ளிக்கும் அவர் ஒரு பயன் கண்டார். கடலில் நெடுநாள் செல்லும் மாலுமிகளை ஸ்கர்வி என்னும் நோய் வாட்டியது. ஈறுகள் வீங்கிக் குருதி கசியும். பழைய புண்களும் மீண்டும் திறக்கும். முடிவில் உயிரே போகும். பசிய காய்கனிகள் இன்மையே அதற்குக் காரணம். கப்பல் மருத்துவராக இருந்த ஆண்டர்சன் அக்கொடுமையை அறியாதவரல்லர். நோப்பல் தண்டுகளை ஒடித்து வைத்தால் பல வாரங்கள் வாடாமல் பசுமையாகவே இருக்கும். அவற்றைக் கப்பலில் ஏற்றிச் சென்று கறியாகச் சமைத்து மாலுமிகளுக்குக் கொடுக்கலாம் என்று அவர் வற்புறுத்தினார். வறட்சியிலும் வாடாத செடியாதலின் பஞ்சக் காலத்தில் ஏழை மக்களுக்கும் உணவாகும் என்று கருதினார். மெக்சிகோ மக்கள் இன்றும் நோப்பல் தண்டைக் கறியாகச் சமைத்து உண்கின்றனர். எனவே அவர் கருத்து வெறுங்கனவன்று. நம் மக்கள்தாம் அதனை ஏற்கவில்லை. முள்ளைச் சீவி உண்பதற்கு யாருக்குத்தான் மனம் வரும்!

1795ஆம் ஆண்டில் காத்திருந்த விருந்தினர் வந்து சேர்ந்தனர். நீல்சன் என்னும் படைத்தலைவர் ஒருவர் முன்னர்ச் சென்னையில் இருந்தபோது ஆண்டர்சனின் கள்ளித் தோட்டத்தைப் பார்த்தவர். இந்தியாவிற்குத் திரும்பும் வழியில் அவருடைய கப்பல் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோ துறைமுகத்தில் தங்கியது. அங்கே கள்ளியின்மேல் கொச்சினீல் பூச்சிகளைக் கண்டார். சென்னைத் தோட்டம் அவர் நினைவிற்கு வந்தது. பூச்சிகளைச் செடிகளோடு பெயர்த்தெடுத்துக் கப்பலில் ஏற்றினார். நெடும் பயணத்தில் செடிகள் ஒவ்வொன்றாய் அழிந்தன, பூச்சிகளும் மடிந்தன. கல்கத்தாவை அடைந்தபோது மிகச் சிலவே உயிரோடு எஞ்சியிருந்தன. அவற்றைக் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தில் பேணிப் பெருக்கினர். பின்னர் அவற்றின் வழிவந்த பூச்சிகள் சென்னையை அடைந்தன. ஆண்டர்சனின் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. அமெரிக்கக் கொச்சினீல் இந்தியாவிற்கு வந்த வரலாற்றை அவ்வாண்டிலேயே அவர் அச்சிட்டு வெளியிட்டார்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வந்த பூச்சிகள், அரும்பாடுபட்டு வளர்த்த நோப்பலைவிட வேலியோரங்களில் கேட்பாரற்று நின்ற நாட்டுக்கள்ளியையே விரும்பின. அதில் ஏறி ஊர்முழுதும் பெருகின. அவற்றை உலர்த்தி எடுத்த சாயமோ தரத்தில் தாழ்ந்திருந்தது. மெக்சிகோப் பூச்சி பருத்தது, பஞ்சுப் போர்வை குறைந்தது, சாயம் மிக்கது. பிரேசிற் பூச்சி சிறியது, போர்வை மிகுந்தது, சாயம் குறைந்தது. மக்கள் பல தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்த்த பூச்சிக்கும் காட்டுப் பூச்சிக்கும் உள்ள வேறுபாடே இது என்று அன்று எண்ணினர். உண்மையான மெக்சிகோப் பூச்சியைக் கொணர்வோர்க்கு 2,000 பவுன் பரிசளிப்பதாகக் கம்பெனி அறிவித்தது. எனினும் அப்பூச்சி சென்னையில் நிலைபெறவில்லை.

அன்று யாரும் அறியாத உண்மையை இன்று நாம் அறிவோம். கொச்சினீல் ஓரினமன்று. மெக்சிகோப் பூச்சியும் பிரேசிற் பூச்சியும் உறவினவாயினும் வெவ்வேறு இனங்கள். ஒவ்வோர் இனத்திற்கும் தனித்தனிக் கள்ளி உண்டு. நம் வேலிகளில் அன்று நின்ற நாட்டுக்கள்ளியும் உண்மையில் நாட்டுக்கள்ளியன்று. அதுவும் தென்னமெரிக்காவினின்று ஐரோப்பியர் வழியாக முன்னரே இங்கு வந்து பரவியதே. முள் குறைந்து மரம்போல உயரும் அக்கள்ளியே பிரேசிற் பூச்சியின் பிறந்தகத்து உணவு. ஆயிரக்கணக்கான கல் தொலைவு கடல் கடந்து வந்த பூச்சி, தன் ஊர்ச் செடியைச் சென்னையின் வேலியில் கண்டு பற்றிக்கொண்டது. ஆண்டர்சன் தவறியது உழைப்பிலன்று, அறிவிலுமன்று. வேறொரு பூச்சிக்குரிய உணவைச் சமைத்து வைத்திருந்தார்.

1800ஆம் ஆண்டில் கம்பெனி சைதாப்பேட்டைத் தோட்டத்தை மூடிவிட்டது. எஞ்சிய செடிகள் பெங்களூர் லால்பாக் தோட்டத்திற்குச் சென்றன. பெஞ்சமின் ஹைன் என்னும் தாவர அறிஞர் அங்கு அவற்றைப் பெற்றுக்கொண்டார். ஆண்டர்சன் அதன் பின்னும் மருத்துவப் பணியைத் தொடர்ந்தார். 1809ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், எழுபது வயதைக் கடந்த நிலையில், சென்னையில் காலமானார். உடன் பணியாற்றிய மருத்துவர்கள் அவருக்குச் சலவைக்கற் சிலை ஒன்று அமைக்க விரும்பினர். பெயர்பெற்ற சிற்பி சான்ட்ரி வடித்த அச்சிலையைச் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் இன்றும் காணலாம்.

அவர் மறைந்தார், பூச்சி மறையவில்லை. 1836ஆம் ஆண்டிற்கும் 1838ஆம் ஆண்டிற்கும் இடையில் அப்பூச்சியை வடக்கிலிருந்து தென்னிந்தியாவிற்குக் கொண்டுவந்து பரப்பினர். இம்முறை சாயத்திற்காகவன்று, வேலி கடந்து விளைநிலங்களைக் கவ்விய கள்ளியை ஒழிப்பதற்காகவே கொணர்ந்தனர். உயரமான அக்கள்ளி பல இடங்களில் அழிந்தே போயிற்று. 1865ஆம் ஆண்டை ஒட்டி இலங்கைக்கும் அப்பூச்சியை அனுப்பினர். களையை அழிப்பதற்கென்றே ஒரு பூச்சியை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குக் கொண்டுசென்ற முதல் நிகழ்ச்சி அதுவே என்பர். இலங்கையில் அதனை ஆராய்ந்து 1896ஆம் ஆண்டில் பெயரிட்டவர் அந்நாட்டின் பெயரையே அதற்குச் சூட்டினார். பிரேசிலில் தோன்றி, கல்கத்தாவிலும் சென்னையிலும் வளர்ந்து, இலங்கையின் பெயரைப் பெற்றது அச்சிற்றுயிர்.

உயரக்கள்ளி அழிந்த நிலத்தை வேறொரு கள்ளி பிடித்துக்கொண்டது. மஞ்சள் மலரும் சிவந்த கனியும் நெருங்கிய முள்ளும் உடைய சப்பாத்திக்கள்ளியே அது. பழைய பூச்சி அதனைத் தீண்டவில்லை. மாகாணமெங்கும் ஊர்ப்புறங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அது மூடிக்கொண்டது. பாம்பும் தேளும் அதனுட் குடிபுகுந்தன. பின்னர் 1926ஆம் ஆண்டில், வட அமெரிக்காவில் தோன்றி ஆஸ்திரேலியா வழியாக இலங்கையை அடைந்திருந்த மற்றொரு கொச்சினீல் இனத்தைத் தென்னிந்தியாவிற்குக் கொண்டுவந்தனர். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் நிலத்தில் கள்ளி கட்டுக்குள் வந்தது. முற்றும் அழிந்துவிடவில்லை; ஆங்காங்கே சில புதர்கள் எஞ்சின. கள்ளி அடியோடு அழிந்தால் பூச்சியும் அழியும். பூச்சி குறைந்தால் கள்ளி மீண்டும் தலைதூக்கும். அவ்விரண்டும் ஒன்றையொன்று குறைத்தும் ஒன்றினால் ஒன்று வாழ்ந்தும் அன்றுமுதல் இம்மண்ணில் இருந்து வருகின்றன.

ஆகவே, கும்மிடிப்பூண்டிச் சாலையோரத்துச் சப்பாத்திக்கள்ளியில் இன்று நாம் காணும் வெண்பஞ்சு ஆண்டர்சன் புல்லின்மேற் கண்ட பூச்சியன்று. அவர் பத்தாண்டுகள் எதிர்நோக்கிய மெக்சிகோப் பூச்சியுமன்று. பிரேசிலிலிருந்து வந்து அவரை ஏமாற்றிய பூச்சியுமன்று. அவர் இறந்து நூறாண்டிற்கு மேல் கழிந்தபின் வந்து சேர்ந்த இனம் அது. நசுக்கிய குச்சியின் நுனியில் படியும் நிறம் மட்டும் அவர் தேடிய அதே செந்நிறம்.